ஜெகதீசன் தங்கைக்குக் கொடுத்த டேப்

கரையான்சாவடி மெயின் ரோட்டில், மெட்ரோ தூணுக்கு எதிரே, ஜெகதீசனின் செல்போன் சர்வீஸ் கடைக்கும் என்னுடைய ஃபிளெக்ஸ் பிரிண்டிங் கடைக்கும் நடுவில் ஒரே சுவர். பதினான்கு வருடமாக இப்படித்தான். ஒயர் இழுக்கப் போட்ட ஓட்டை ஒன்று அந்தச் சுவரில் உண்டு. டீ சொல்வதும் சண்டை போடுவதும் அது வழியாகத்தான். என் பெயர் கோபி. நடந்த தப்பில் பாதி என்னுடையது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் வந்து என்னிடம் நியாயம் பேச வேண்டாம், எனக்குக் கோபம் வரும்.

ஜெகதீசனுக்கு முப்பத்தாறு வயது. அப்பா பச்சையப்பன் ஒரு கம்பெனியில் பிரஸ் மிஷின் ஓட்டியவர். முதல் ஷிஃப்டுக்குப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம், சாயங்காலம் ஆம்புலன்ஸில் பிணமாகத்தான் வீட்டுக்கு வந்தார். அன்றைக்கு ஜெகதீசனுக்கு வயது இருபது, தங்கை நிஷாவுக்கு நாலு. அவன் ஐ.டி.ஐ.யைப் பாதியில் விட்டுவிட்டு செல்போன் ரிப்பேர் கற்றுக்கொண்டான். அம்மா வேம்புலியம்மாள் ஐயப்பன்தாங்கல் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஆயா வேலைக்குப் போனார். தங்கைக்குத் தலை பின்னி, டிபன் கட்டி, வேனில் ஏற்றிவிட்டு, அதற்கப்புறம்தான் ஜெகதீசன் கடை ஷட்டரைத் தூக்குவான். அவன் சட்டைப் பையில் ஸ்க்ரூ டிரைவரும் ஹேர்பின்னும் ஒன்றாகக் கிடக்கும்.

கல்யாணம் பண்ணிக்கடா என்று நான் அந்த ஓட்டை வழியாகக் கத்தாத மாதம் இல்லை.

"நிஷா ஒரு கரை சேரட்டும் மாமே, அப்பால நம்ம கதைய பாத்துக்கலாம்" என்பான்.

அந்தக் கரை வானத்தில் இருக்கும் என்று எங்களுக்கு யார் சொன்னது? பிளஸ் டூவில் கணக்கிலும் இயற்பியலிலும் நிஷா நல்ல மார்க் எடுத்தாள். ஒரு டீச்சர் வழி காட்டி, அரசாங்க உதவித்தொகைக்கு எழுதிப் போட்டு, நாலு இடத்தில் பரீட்சை, மூன்று இடத்தில் கண், காது, ரத்தம் எல்லாம் சோதித்து, கடைசியில் வடக்கே ஒரு பயிற்சிப் பள்ளியில் சீட்டு வந்தது. விமானம் ஓட்டப் படிக்க. கடிதத்தை ஜெகதீசன் என்னிடம் காட்டிவிட்டுத் திரும்ப உறையில் போடப் பார்த்தான். ஒரு மணி நேரம் போர்டு மேல் குனிந்து கடுகளவு பாகத்தைச் சால்டரிங் பண்ணுகிறவன், ஒரு தாளை உறைக்குள் போட மூன்று தரம் முயன்றான்.

முதல் விடுமுறைக்கு வந்தபோது நிஷா கடையில் உட்கார்ந்து, ஒரு பில்லின் பின்பக்கம் வட்டம் போட்டுக் காட்டினாள். பாதி வானம், பாதி தரை, நடுவில் ஒரு கோடு.

"மேகத்துக்குள்ள பூந்துட்டா மேல எது கீழ எதுன்னு உடம்புக்கே தெரியாதுண்ணா. நேரா போற மாதிரியே இருக்கும். ஆனா ஒரு பக்கமா சாஞ்சிகினு கீழ எறங்கிகினு இருப்போம். இந்தக் கருவியப் பாத்துதான் ஓட்டணும். உடம்பு சொல்றத நம்பவே கூடாது."

ஜெகதீசன் வேறு எதையும் கேட்கவில்லை. சர்வீஸ்காரன் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டான். "அது ரிப்பேர் ஆச்சின்னா?"

"பழைய பிளேன்ல அது ஒரு பம்ப்ல ஓடுது. பம்ப் போச்சின்னா அதுவும் போச்சி. வெளிநாட்ல சில பேரு டேப்பு, போனெல்லாம் ஸ்பேருக்கு வெச்சிகினு பறக்கிறாங்களாம். அதுல இதே மாதிரி வானம், தரை காட்ற ஆப் கீது."

அவ்வளவுதான். அன்றையிலிருந்து இவனுக்குப் பைத்தியம் பிடித்தது. மெட்ரோ தோண்டுகிற தூசி அடைத்த சார்ஜிங் பின் எத்தனை வந்தாலும் ஒதுக்கி வைத்துவிட்டு, பழைய டேப்லெட்களாக, நாங்கள் டேப் என்போம், பார்த்து வாங்கிச் சேர்த்தான். பேனர் சட்டம் ஏற்றுவதற்கு நான் வைத்திருக்கும் குட்டியானை வண்டியில் முன்னால் உட்கார்ந்துகொண்டு, பூந்தமல்லி பைபாஸ் வளைவில் சுற்றச் சொன்னான். ஒரு தரம் அல்ல, எத்தனை தரம் என்று எனக்கே கணக்கில்லை. டீக்கடைக்காரன் எங்களைப் பார்த்துச் சிரித்தான்.

"இன்னாடா பண்ற? தலை சுத்துதுடா எனக்கு."

"மாமே, வண்டி சாயவே இல்ல. வளையுது, அவ்ளோதான். இந்த டேப்ப பாரு, சாஞ்சி காட்டுது. இதுக்குள்ள சாய்வ சரியா அளக்குற ஜைரோ சில்லு இல்ல, பொய் சொல்லுது. மேல போயி இதே பொய்ய சொல்லிச்சின்னா எம் பாப்பா கதி?"

முதல் டேப் அப்படிக் கழிந்தது. அடுத்ததில் சிம் போடுகிற வழியில்லை, ஜிபிஎஸ்ஸும் இல்லை, அதுவும் கழிந்தது. மூன்றாவது வளைவில் ஏமாறவில்லை. அதைக் கத்திரி வெயிலில் என் கடைத் தகரக் கூரைமேல் வைத்தான். பவுச்சு போட்டு வைத்தால் இருபது நிமிடத்தில் சூடாகி அணைந்தது, பவுச்சைக் கழற்றினால் ஒரு மணி நேரம் தாங்கியது. எந்தப் போன் வந்தாலும் முதலில் பவுச்சும் டெம்பர் கிளாஸும் தலையில் கட்டுகிற ஜெகதீசன், அதை மட்டும் அம்மணமாகத்தான் கொடுத்தான். புது பேட்டரி போட்டான். பின்னால் ஒரு ஸ்டிக்கர் ஒட்டி மார்க்கரால் எழுதினான்: "இது காட்றது தரை வேகம். காத்து வேகம் இல்ல. மறக்காத." காற்றைக் கிழித்துக்கொண்டு விமானம் போகிற வேகத்துக்கு அதிலேயே இருக்கிற கருவியைத்தான் பார்க்க வேண்டும் என்று நிஷா சொல்லியிருந்தாளாம். இவன் விமானத்தின் நிழலில்கூட நின்றதில்லை, ஆனால் அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையையும் பிடித்து வைத்திருந்தான்.

"அங்க ஒத்துப்பாங்களா?" என்று நான்தான் கேட்டேன்.

"தனியா பறக்கச்சொல்ல எதனா எடுத்துகினு போணும்னா எழுதிக் குடுத்து பர்மிஷன் வாங்கணும் கோபிண்ணா. நான் வாங்கிக்கிறேன்" என்றாள் நிஷா.

வாங்கவில்லை. கேட்டால் வேண்டாம் என்பார்களோ, கூடப் படிக்கிறவர்கள் பயந்தாங்கொள்ளி என்பார்களோ என்று தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். இருபது வயதுப் பெண், என்ன செய்வாள்?

ஜூன் மாதம், ஒரு நாள் சாயங்காலம் நாலு மணி இருக்கும். சுவர் ஓட்டைக்கு அந்தப் பக்கம் ஜெகதீசன் போனில் "பாப்பா, பாப்பா, அழுவாத, சொல்லு" என்று திரும்பத் திரும்பச் சொல்வது கேட்டது. நான் ஓடினேன். ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

தனியாக ஒரு ஊருக்குப் பறந்து திரும்பும் பயிற்சி. பாதி வழியில் மழை மேகம் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்து சூழ்ந்துவிட்டது. அவள் விமானத்தைத் திருப்ப முயன்ற நேரத்தில் விமானத்தின் அடிவானக் கருவி மெல்ல மெல்ல ஒரு பக்கமாகப் படுத்துவிட்டது. வெளியே எங்கே பார்த்தாலும் வெள்ளை. தொடையில் பட்டை போட்டுக் கட்டியிருந்த டேப் மட்டும், விமானம் இடது பக்கம் சாய்ந்திருக்கிறது என்று காட்டியது.

"எனக்கு நேரா போற மாதிரிதாண்ணா இருந்திச்சி. உடம்பு ஒண்ணு சொல்லுது, அந்தக் கருவி ஒண்ணு சொல்லுது, உன் டேப் ஒண்ணு சொல்லுது. உன்னுத நம்பி வலது பக்கம் சாச்சி நேராக்கனேன். அப்டியே மெதுவா திரும்பி வெளிய வந்துட்டேன். எறங்கிட்டேன். ஒண்ணும் ஆவல."

"எவ்ளோ நேரம் பாப்பா உள்ள இருந்த?"

"பதினோரு நிமிஷம். அம்மாகிட்ட சொல்லாத."

போனை வைத்துவிட்டு ஜெகதீசன் ஸ்டூலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதான். நானும்தான். அன்றைக்கு அழுத அழுகையில் சந்தோஷமும் இருந்தது, அதை மறைக்க மாட்டேன். அவன் கையால் மாற்றிய பேட்டரி, அவன் ஒட்டிய ஸ்டிக்கர், அவன் தேர்ந்தெடுத்த ஜைரோ, அது எங்கள் பிள்ளையைக் கீழே கொண்டுவந்து சேர்த்திருக்கிறது. கரையான்சாவடியில் இதுவரை எவன் இப்படி ஒரு வேலை செய்திருக்கிறான்?

பள்ளியில் எழுதிக் கொடுத்த ரிப்போர்ட்டில் நிஷா, கருவி நின்றது, மேகத்தைப் பார்த்துத் திரும்பிவிட்டேன் என்று மட்டும் எழுதியிருந்தாள். உள்ளே போனதையும் டேப்பையும் விட்டுவிட்டாள். அது எங்களுக்கு அப்போது தெரியாது. பள்ளி மெக்கானிக் தரையில் வைத்து ஓட்டிப் பார்த்தபோது பம்ப் ஒழுங்காக வேலை செய்ததாம். குறை எதுவும் இல்லை என்று எழுதி மூடிவிட்டார்கள்.

ஆடி மாதம் அம்மன் கோயில் கூழ் வார்க்கும் திருவிழாவுக்கு நிஷா வருவதாக இருந்தது. அதற்கு நாலு நாள் முன்னால் ஜெகதீசன் என் கடைக்குள் வந்து நின்றான்.

"மாமே, பாப்பாவுக்கு ஒரு பேனர் வெக்கணும். பத்துக்கு எட்டு. பஸ் ஸ்டாப்பாண்ட."

"எதுக்குடா? போலீஸ் கழட்டிப் போட்டுடும்."

"ஒரு நாள் இருந்தா போதும். மாமே, எங்க தெருவுல எவன் மூஞ்சாவது ஃபிளெக்ஸ்ல வந்தா அது கண்ணீர் அஞ்சலிதான். எங்க நைனா மூஞ்சியும் அப்டித்தான் வந்திச்சி, நம்ம இதே ரோட்டுல. உசிரோட இருக்கிற ஒரு மூஞ்சி வரட்டுமே மாமே."

உட்கார்ந்து டிசைன் போட்டேன். வெள்ளைச் சட்டை, தோள்பட்டையில் கோடு, நிஷா சிரிக்கிறாள். பின்னால் நான் இணையத்திலிருந்து எடுத்து வைத்த விமானம் இருநூறு பேர் ஏறுகிற ரகம். அவள் ஓட்டுவது ரெண்டு பேர் உட்காருகிற தும்பி. "அட, யாருக்குத் தெரியப் போகுது" என்றேன். ஓரத்தில் டேப்பின் படம் வேண்டும் என்றான் ஜெகதீசன், போட்டேன். "வருக வருக" என்று மட்டும் எழுதச் சொன்னான். எனக்குத்தான் கை அரித்தது. பதினான்கு வருடமாகக் காதுகுத்துக்கும் மஞ்சள் நீராட்டுக்கும் கட்சிக்காரன் பிறந்தநாளுக்கும் பொய்ப் பெருமை எழுதி எழுதிப் பழகியவன், கையில் ஒரு நிஜப் பெருமை கிடைத்தால் விடுவேனா? இப்படி எழுதினேன்:

"நடுவானில் மேகத்துக்குள் கருவி பழுதாகியும், அண்ணன் தந்த டேப்பை நம்பி பதினோரு நிமிடம் பறந்து வென்ற எங்கள் குலவிளக்கே, வருக!"

ஜெகதீசன் அதை மூன்று தரம் படித்தான். "அம்மாவுக்குத் தெரிஞ்சிடுமே" என்றான். பிறகு அவனே, "நான் பக்குவமா சொல்லிக்கிறேன்" என்று போய்ச் சொல்லியும்விட்டான். வேம்புலியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதுவிட்டு, கோயிலுக்குப் போய் எலுமிச்சை மாலை போட்டுவிட்டு வந்தார்.

நிஷா பஸ்ஸை விட்டு இறங்கியதும் பேனரைப் பார்த்தாள். முகம் ஒரு மாதிரி ஆயிற்று. கூச்சம் என்று நான் நினைத்தேன். "இத்த எறக்கிடுங்க கோபிண்ணா" என்றாள். "சாயங்காலம் எறக்கிடலாம்டா செல்லம்" என்றேன். தெருப் பிள்ளைகள் அவளைப் பேனருக்கு முன்னால் நிறுத்தி போட்டோ எடுத்தார்கள். வயசான கிழவிகள் கன்னம் வழித்துத் திருஷ்டி கழித்தார்கள். அவளும் கடைசியில் சிரித்துவிட்டாள். சாயங்காலம் நான் பேனரை இறக்கியபோது, அது எத்தனை ஸ்டேட்டஸில் ஏறி எங்கெங்கே போய்விட்டிருந்ததோ! நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே தவளை நான், கெட்டது அவள்.

டேப்பின் சார்ஜிங் பின் லூசாகியிருந்ததால் அதைச் சரி பண்ணித் தரும்படி அண்ணனிடம் விட்டுவிட்டு நிஷா திரும்பிப் போனாள். போய் ஒன்பதாம் நாள் பள்ளி நிர்வாகத்தின் கையில் அந்தப் படம் இருந்தது. தமிழ் தெரிந்த ஒருவரை வைத்து வரிக்கு வரி படித்திருக்கிறார்கள். மேகத்துக்குள் போனாயா? அனுமதி இல்லாத கருவி வைத்திருந்தாயா? விசாரணை என்று தேதி குறித்துவிட்டார்கள். பேனர் வைத்தவரையும் கூப்பிட்டார்கள்.

நிஷா போன் பண்ணினாள். சிக்னல் விட்டு விட்டு வந்தது. "அண்ணா, நீ வரணும். டேப்ப கண்டிப்பா எடுத்துகினு வா. மறக்காத" என்பதோடு கட்டாகிவிட்டது. ஜெகதீசன் திரும்பக் கூப்பிட்டான், கிடைக்கவில்லை. ஒரே ஒரு தரம்தான் கூப்பிட்டான்.

ஜெகதீசன் கடைக்கு எத்தனையோ பேர் முகம் வெளுத்து ஓடி வந்திருக்கிறார்கள். "அண்ணாத்தே, எல்லாத்தையும் அழிச்சிடு, ஒண்ணியும் இருக்கக்கூடாது" என்பார்கள். ஏன் என்று அவன் கேட்டதில்லை. உள்ளே என்ன போட்டோ இருக்கிறது என்று திறந்து பார்த்ததும் இல்லை. அந்த ஒரு நேர்மைக்காகவே கரையான்சாவடியில் பொம்பளைப் பிள்ளைகள் போனை அவனிடம் மட்டும்தான் கொடுப்பார்கள். இப்போதும் அவன் கை அந்தப் பழக்கத்தில்தான் போனது. டேப்பை எடுத்தான்.

"இன்னாடா பண்ற?"

"எடுத்துகினு வான்னா இன்னா அர்த்தம் மாமே? புடுங்கி வெச்சிகினு, இதான் சாட்சின்னு பாப்பா தலைல கட்டப் போறானுங்க. எதுவுமே இல்லாத டேப்ப குடுத்தா இன்னா பண்ணுவானுங்க?"

"கரெக்ட்டுடா" என்றேன். நானே சொன்னேன். என் வாயை அன்றைக்குத் தைத்திருக்க வேண்டும்.

மூன்று நிமிடம். திரையில் ஒரு கோடு நகர்ந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. உள்ளே என்ன இருந்தது என்று அவன் பார்க்கவில்லை, நானும் பார்க்கச் சொல்லவில்லை. "முடிஞ்சிச்சி, இனி எவனாலயும் எடுக்க முடியாது" என்றான். அவன் முகத்தில் ஒரு நிம்மதி.

ரெண்டு பேரும் ரயில் ஏறினோம். அவளை முன்னாலேயே பார்த்துப் பேசிவிடலாம் என்பது கணக்கு. ரயில் ஐந்து மணி நேரம் லேட். ஸ்டேஷனிலிருந்து குளிக்காமல்கூட நேராகப் பள்ளிக்கு ஓடினோம். விசாரணை ஆரம்பித்துவிட்டிருந்தது. நிஷா உள்ளே ஒரு நாற்காலியில் விறைப்பாக உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்த்ததும் அவள் கண் அண்ணன் முகத்துக்குப் போகவில்லை, அவன் கைப்பைக்குத்தான் போனது.

மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் இருந்தவர் தலைமைப் பயிற்சியாளர் வீரராகவன், தமிழர், தலை முழுக்க நரைத்தவர். அவர் முன்னால் என் பேனரின் வண்ண நகல் கிடந்தது. என் டிசைன் அவ்வளவு கேவலமாக எனக்கு என்றைக்கும் தெரிந்ததில்லை.

"இதை வைத்தது நீங்கள்தானே? இதில் எழுதியிருப்பது உண்மையா?" என்று தமிழில் கேட்டார்.

நிஷா வாயைத் திறப்பதற்குள் ஜெகதீசன் முந்திக்கொண்டான். ரயிலில் ரெண்டு நாளாக மனப்பாடம் பண்ணிய பேச்சு.

"எல்லாம் நான் உட்ட டூப்பு சார். கடைக்கு வெளம்பரம் தேடிக்கலாம்னு நானே கதை கட்டிப் போட்டுக்கினேன். பாப்பா மேகத்துக்குள்ள எல்லாம் போவல. டேப்பு எங்கூட்லயேதான் கெடந்திச்சி. பாருங்க சார், காலி. ஒண்ணியும் இல்ல. பாப்பாவுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. தண்டிக்கிறதுன்னா என்ன தண்டிச்சிக்கங்க." டேப்பை மேஜைமேல் வைத்துவிட்டுக் கைகூப்பினான்.

வீரராகவன் நிஷாவைப் பார்த்தார். "உன் அண்ணன் சொல்வது சரியா?"

சரி என்று சொல்லியிருந்தால் போதும். ஒரு எச்சரிக்கையோடு விட்டிருப்பார்களோ என்னவோ. நிஷா எழுந்து நின்றாள்.

"இல்ல சார். என்னைக் காப்பாத்துறதுக்காக அண்ணன் பொய் சொல்லுது. நான் மேகத்துக்குள்ள போனேன். பர்மிஷன் இல்லாம டேப் வெச்சிருந்தேன். ரிப்போர்ட்ல அத்த மறைச்சேன். மூணும் என் தப்பு. ஆனா கருவி சாஞ்சது நெஜம் சார். மேகத்தவுட்டு வெளிய வந்ததும் இந்த டேப்பாலதான் ஒரு போட்டோ எடுத்தேன். வெளிய அடிவானம் நேரா கீது, உள்ள கருவி படுத்துகினு கீது, ரெண்டும் ஒரே போட்டோல தெரியும். அப்ப பயத்துல யார்கிட்டயும் காட்டல. இப்ப காட்றேன்."

டேப்பை எடுத்து ஆன் பண்ணினாள். திரையில் ஒவ்வொரு மொழியாக வணக்கம் சொல்லி, உங்கள் மொழியைத் தேர்ந்தெடுங்கள் என்று வந்தது. புது டேப்பில் வருமே, அது. நிஷா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தலை நிமிர்ந்தாள்.

"அண்ணா, அழிச்சிட்டியா?"

ஜெகதீசனின் கூப்பிய கை அப்படியே நின்றது. நான் குறுக்கே புகுந்து, "சார், அந்தப் பதினோரு நிமிஷம் நான் எழுதுனது சார், என் மேல தப்பு" என்று உளறினேன். என்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வராந்தா பெஞ்சில் ரெண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். நிஷா எங்கள் பக்கத்தில் உட்காரவில்லை, எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். கடைசியில் வீரராகவனே வெளியே வந்தார். மனிதர் நல்லவர், அவரைக் குற்றம் சொல்ல மாட்டேன். ஜெகதீசனிடம்தான் பேசினார்.

"பயிற்சியிலிருந்து நீக்கிவிட்டார்கள். உதவித்தொகையும் அதோடு நின்றுவிடும். ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். கருவி போன பிறகு மேகத்துக்குள் தலை கலங்காமல் விமானத்தைத் திருப்பிக்கொண்டு வருவது அனுபவப்பட்டவர்களுக்கே கஷ்டம். அந்தப் போட்டோ இருந்திருந்தால், மறைத்ததற்கு மட்டும் தண்டனை கொடுங்கள், இந்தப் பெண்ணை விடாதீர்கள் என்று நான் சண்டை போட்டிருப்பேன். இப்போது கருவி நன்றாக இருக்கிறது என்று மெக்கானிக் எழுதிய தாள் அவர்கள் கையில் இருக்கிறது. என் கையில் இவள் வாய்ச்சொல் மட்டும்தான். டேப்பைப் பார்த்துக்கொண்டே மேகத்துக்குள் போய்விட்டு விமானத்தின் மேல் பழி போடுகிறாள் என்கிறார்கள். அண்ணனே பொய் சொன்ன பிறகு, தங்கையை எப்படி நம்பச் சொல்வது?"

ஜெகதீசன் அவர் காலில் விழப் போனான். அவர் பின்னால் நகர்ந்துகொண்டார்.

இது நடந்து எட்டு மாதம் ஆகிறது. நிஷா அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு ஆபீஸில் கம்ப்யூட்டரில் ஏதோ ஏற்றுகிற வேலைக்குப் போகிறாள். காலையில் ஐயப்பன்தாங்கல் டெப்போ பஸ்ஸில் ஏறுகிறாள், சாயங்காலம் வருகிறாள். வேறு பள்ளியில் சேரலாமே என்று புத்தி சொல்ல வருகிறவர்களை நான் விரட்டிவிடுவேன். வீட்டை விற்றாலும் அது நடக்காது, விற்க வீடும் இல்லை. நீக்கப்பட்ட பிள்ளைக்கு இன்னொரு உதவித்தொகையை எவன் கொடுப்பான்? கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் சொல்லிக் கொடுக்க மட்டும் ஆள் வந்துவிடுகிறது.

ஜெகதீசன் கடையைத் திறக்கிறான், மூடுகிறான். சாப்பிட்டானா என்று ஓட்டை வழியாகக் கேட்டால் "ம்" என்கிறான். தங்கை அவனிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசுவதில்லை. சோறு போடுகிறாள், சட்டை துவைத்துப் போடுகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். ரெண்டு பேரும் சமாதானமாகிவிட்டார்கள் என்று வேம்புலியம்மாள் நம்பிக்கொண்டிருக்கிறார். அன்றைக்கு ரயில்வே ஸ்டேஷனில் நடந்ததை நான் அவரிடம் சொல்லவில்லை.

ஊர் திரும்பும் ரயிலுக்காக மூன்று பேரும் பிளாட்ஃபாரத்தில் உட்கார்ந்திருந்தோம். நிஷாவின் பெட்டி, பாய், புத்தக மூட்டை எல்லாம் காலடியில் கிடந்தன. ஜெகதீசன் தரையில் உட்கார்ந்து அவள் முழங்காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள்.

"என்ன செருப்பால அடி பாப்பா. உன்ன காப்பாத்தணும்னுதான் பண்ணேன். அம்மா சத்தியமா அதுக்குத்தான் பண்ணேன். எதனா திட்டு. இப்டி சும்மா இருக்காத."

நிஷா அவன் தலையில் கை வைத்தாள். குரலை உயர்த்தவில்லை.

"எனக்குத் தெரியும்ணா. நீ எனக்குக் கெட்டது நெனைக்க மாட்ட. ஆனா அவ்ளோ ஒசரத்துல, கண்ணு தெரியாத எடத்துல, என் உடம்பையே நம்பாம நான் உன்ன நம்பனேன். நீ கடைல உக்காந்துகினு இருந்த. அழிக்கிறதுக்கு முன்னாடி, எதுக்கு பாப்பா எடுத்துகினு வரச் சொல்றன்னு என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கக்கூடாதாண்ணா?"

ஜெகதீசன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். ரயில் வந்து நின்றது. நான் பெட்டியைத் தூக்கப் போனேன், "வேணாம் கோபிண்ணா" என்று நிஷா தானே அதைத் தூக்கிக்கொண்டு ஏறினாள்.